துணைக்கு யார்?

“துணைக்கு யாரு வர்றா?”

அமெரிக்காவின் வட எல்லையில், மினசோட்டா மாநிலத்தின் டுலூத் நகரில், ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் நான் நின்றுகொண்டிருந்தபோது அம்மா தொலைபேசியில் கேட்ட கேள்வி இது. அக்டோபர் முதல் வாரம். எனக்குக் காலை, அவருக்கு இரவு. கல்லூரி விடுதியில் என் அறைத்தோழியாக இருந்தவள் இருபது ஆண்டுகளாக மினியாபொலிசில் வசிக்கிறாள். அவள்தான் வண்டி ஓட்டுகிறாள், நான்கு நாள் காட்டில் கூடாரம் போட்டுத் தங்கப்போகிறோம் என்று சொன்னேன். “அது சரி. துணைக்கு யாரு?” என்றார் மறுபடியும்.

அம்மாவின் கணக்கில் இரண்டு பெண்கள் சேர்ந்தாலும் அது துணை ஆகாது. தனியாகப் போகிற ஒருத்தி இரண்டு பேராகப் போகிறாள், அவ்வளவுதான். சிரித்துக்கொண்டே தொலைபேசியை வைத்தேன். ஆனால் அந்தக் கேள்வி எங்களோடு வண்டியில் ஏறிக்கொண்டது.

டுலூத்திலிருந்து வடகிழக்கே 61ஆம் எண் நெடுஞ்சாலை சுப்பீரியர் ஏரிக்கரையை ஒட்டியே கனடா எல்லைவரை போகிறது. வலப்பக்கம் கடல்போல் ஏரி; பரப்பளவில் உலகின் மிகப் பெரிய நன்னீர் ஏரி அது. இடப்பக்கம் முழுக்கக் காடு. மேப்பிள் சிவந்து உதிரத் தொடங்கியிருந்தது. பிர்ச்சும் ஆஸ்பெனும் மஞ்சளில் நின்றன. ஊசியிலை மரமாக இருந்தும் இலையுதிர்க்கும் டாமரக் மரங்கள் சதுப்பு ஓரங்களில் பொன்னிறமாகிக்கொண்டிருந்தன. கிராண்ட் மரே என்ற சிற்றூரில் ஏரியை விட்டு உள்ளே திரும்பினால் கன்ஃபிளின்ட் டிரெயில் என்னும் காட்டுச்சாலை. 57 மைல் போய், ஏரிகளுக்கு நடுவே அது முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் போவதற்குப் படகு வேண்டும்.

அந்தச் சாலையோரத்துக் கூடாரத் தளம் ஒன்றில்தான் முதல் இரவு. கூடாரம் கட்டி, விறகு மூட்டி, கரடி வராமலிருக்கச் சாப்பாட்டுப் பொருள்களை இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, தோழி வழியில் வாங்கியிருந்த சுற்றுலாக் கையேடுகளைத் தீ வெளிச்சத்தில் புரட்டினேன். மென்மயிர்த் தோல் வணிகத்துக்கு வந்த பிரெஞ்சுக்காரர்கள், மரம் வெட்டியவர்கள், மீன்பிடிக்க வந்த கனவான்கள், அவர்களுக்கு வழிகாட்டியவர்கள் என எல்லாரும் ஆண்கள். காடு என்றால் ஆண் நுழைந்து திரும்புகிற இடம். பெண் அதில் யாராவது ஒருவருக்குத் துணையாக வந்திருப்பாள், அல்லது வீட்டில் காத்திருந்திருப்பாள்.

இந்தப் படம் எனக்குப் புதிதல்ல. முல்லைத்திணையை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். முல்லையின் நிலம் காடும் காடு சார்ந்த இடமும்; அதன் உரிப்பொருள் இருத்தல். தலைவன் கார்காலத்தில் தேரேறிக் காட்டுவழியே திரும்பி வருவான். தலைவி வீட்டில் ஆற்றியிருப்பாள். ஒருமுறை பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “மேம், அவங்க வீடே காட்டுலதான இருக்கு? அப்ப காட்டுல இருக்கிறது அவங்கதான?” அன்று வகுப்பு முடியும் மணி அடித்து என்னைக் காப்பாற்றியது. அவள் கேட்டது இந்த வடகாட்டில் எனக்கு மறுபடியும் நினைவு வந்தது. ஆண் காட்டுக்குப் போனால் அது சாகசம் என்று எழுதப்படுகிறது. பெண் காட்டிலேயே இருந்தால் அது வீட்டுவேலை என்று எழுதாமல் விடப்படுகிறது. யாருடைய மனைவியாகவும் இல்லாமல் ஒருத்தி இருந்துவிட்டால் அதற்குப் பெயர் தனிமை. ஒரே காடு, ஒரே கூடாரம், ஒரே விறகு. பெயர் மட்டும் மூன்று.

பாயில் பாதி

இந்தக் காடு அனிஷினாபே மக்களின் நிலம். ஒஜிப்வே என்றும் அவர்களை அழைப்பார்கள். ஃபிரான்சஸ் டென்ஸ்மோர் என்ற மினசோட்டாப் பெண் ஆய்வாளர் இவர்களுடைய வாழ்க்கைமுறை பற்றி எழுதிய நூல் 1929இல் வெளிவந்தது. அதில் நோடினென்ஸ் என்ற மூதாட்டி தன் சிறுவயதை நினைவுகூர்கிறார். மினசோட்டாவின் மில் லாக்ஸ் பகுதியைச் சேர்ந்தவர், அப்போது அவருக்கு வயது 74. ஏரி உறைந்ததும் ஆறு குடும்பங்கள் சேர்ந்து குளிர்கால வேட்டை நிலத்துக்குப் புறப்படும். கோரைப்பாய்களில் பாதியைத் தான் சுமந்ததாகவும் மறுபாதியைத் தன் அம்மா சுமந்ததாகவும் சொல்கிறார். போர்வைகளைப் பாய்க்குள் வைத்துச் சுருட்டிக்கொள்வார்களாம்.

அந்தப் பாய்கள் உட்காருவதற்கு மட்டுமானவையல்ல. இளமரங்களை நட்டு வளைத்துக் கட்டிய சட்டத்தின் மேல் பிர்ச் மரப்பட்டையையும் கோரைப்பாயையும் போர்த்தினால் அதுதான் விக்வாம், வீடு. கோடைத் தொடக்கத்தில் மரத்திலிருந்து பட்டை உரிப்பது, துண்டுகளை வேர்நாரால் தைத்து நீளமான விரிப்பாக்குவது, பாய் முடைவது, இடம் மாறும்போது சுருட்டிச் சுமப்பது, புதிய இடத்தில் வீட்டை எழுப்புவது எல்லாமே பெண்களின் தொழில். சட்டக்கழிகள் அந்தந்த இடத்திலேயே அடுத்த ஆண்டுக்காக நிற்கும். கூரையும் சுவரும் பெண்களின் முதுகில் பயணம் செய்யும்.

இளவேனிலில் மேப்பிள் மரத்துச் சாறெடுத்துச் சர்க்கரை காய்ச்சும் முகாம். கோடையில் மீனும் பெர்ரிப் பழங்களும். கோடை முடிந்து இலையுதிர்காலம் தொடங்கும்போது ஏரிக்கரையில் அரிசி முகாம். பனி விழுந்ததும் வேட்டை முகாம். எங்கள் பாலியெஸ்டர் கூடாரத்தை இருபது நிமிடம் போராடிக் கட்டிமுடித்துவிட்டுத் தோழியும் நானும் படம் எடுத்துக்கொண்டோம். ஆண்டுக்கு நான்கு முறை வீட்டைச் சுருட்டி விரித்த பெண்களின் நிலத்தில் நின்றுதான் அந்தப் படத்தை எடுத்தோம்.

அரிசி நிலா

அரிசி முகாமைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நெல் தெரிந்த நமக்கு அது நன்றாகவே புரியும்.

மனோமின் என்று அனிஷினாபே மொழியில் வழங்கும் இந்தத் தானியத்தை ஆங்கிலத்தில் காட்டரிசி என்கிறார்கள். நம் நெல்லின் இனமல்ல. ஆழமில்லாத ஏரிகளிலும் மெதுவாக ஓடும் ஆறுகளிலும் தானாக விளையும் வேறொரு புல். ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பரிலும் முற்றும். அந்த மாதத்துக்கே அரிசி அறுக்கும் நிலா என்றுதான் பெயர். கதிர் முற்றுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே பெண்கள் படகில் போய்த் தங்கள் பங்குக் கதிர்களை நார்க்கயிற்றால் கொத்துக் கொத்தாகக் கட்டிவிடுவார்கள். காற்றும் பறவையும் கொண்டுபோகாமல் அது காக்கும். இந்தக் கொத்து இந்தக் குடும்பத்தினுடையது என்கிற அடையாளமாகவும் அந்தக் கட்டு இருக்கும்.

அறுவடையன்று ஒருவர் நீண்ட கழியால் படகைத் தள்ள, இன்னொருவர் இரண்டு குச்சிகளை வைத்துக்கொண்டு, ஒன்றால் கதிரைப் படகுக்குள் வளைத்து மற்றதால் மெல்லத் தட்டுவார். அரிவாளுக்கு அங்கே வேலையில்லை. முற்றிய மணி படகில் விழும். கொஞ்சம் தண்ணீரிலும் விழும்; அதுதான் அடுத்த ஆண்டின் விதை. கரைக்கு வந்ததும் உலர்த்தி, இரும்பு அண்டாவில் விறகுத்தீயில் துடுப்பால் கிளறி வறுப்பார்கள். பிறகு குழியில் போட்டு, மான்தோல் காலணி அணிந்த கால்களால் மிதித்து உமி நீக்குவார்கள். கடைசியில் பிர்ச் பட்டையில் செய்த அகன்ற தட்டில் வைத்துப் புடைப்பார்கள். அந்தத் தட்டின் படத்தைப் பார்த்தால் முறம் என்றுதான் நமக்குச் சொல்ல வரும்.

ரெட் லேக் ஒஜிப்வே சமூகத்தைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் பிரெண்டா சைல்ட், தன் மக்களில் பெண்களின் உழைப்பு பற்றி விரிவாக எழுதியவர். எந்த ஏரியில் எப்போது அறுப்பது, யாருக்கு எந்தப் பகுதி, எவ்வளவு விட்டுவைப்பது என்பவையெல்லாம் பெண்களின் கூட்டறிவில் இருந்தன என்று அவர் காட்டுகிறார். தண்ணீர் பெண்களின் பொறுப்பு; ஆகவே தண்ணீரில் விளையும் அரிசியும் பெண்களின் பொறுப்பு. ஆண்கள் பெருமளவில் அரிசி அறுப்புக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், குறிப்பாக 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில்தான். காட்டை விட்டு ஒதுக்கீட்டு நிலங்களுக்குள் அடைக்கப்பட்ட ஆண்களுக்கு வேட்டையும் பொறிவைப்பும் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்த நேரம் அது. அதன்பிறகு வந்த படங்களில் படகில் நிற்பவர் பெரும்பாலும் ஆண்.

வழியில் ஒரு கடையில் கையால் தட்டி விறகில் வறுத்த மனோமின் ஒரு பொட்டலம் வாங்கினோம். பாத்தி கட்டி வளர்த்து இயந்திரத்தால் அறுக்கும் வகை கறுப்பாகப் பளபளக்கும். இது பழுப்பும் சாம்பலுமாக இருந்தது. இரண்டாம் இரவு அதை வேகவைத்து, தோழி கொண்டுவந்திருந்த ரசப்பொடியில் ரசம் வைத்துச் சாப்பிட்டோம். புகை மணத்தது. “நம்ம ஊர்ல இத எந்தக் கணக்குல சேர்ப்பாங்க, விவசாயமா சமையலா?” என்று கேட்டாள் அவள். அறுவடையையும் அடுப்பையும் பிரிக்காத ஒரு தொழிலை எந்தக் கணக்கிலும் சேர்க்காமல் விடுவது எளிது. அப்படித்தான் விட்டார்கள்.

நாடோடிகள் என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள்

நாங்கள் பயணம் செய்த அந்த ஏரிக்கரை நிலம் 1854 செப்டம்பர் 30 அன்று லா பாயின்ட் ஒப்பந்தத்தின் மூலம் அமெரிக்க அரசுக்குப் போனது. அதுவும் ஓர் இலையுதிர்காலம், அரிசி அறுத்து முடித்த நேரம். வேட்டையாடவும் மீன்பிடிக்கவுமான உரிமையை மக்கள் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். அரசு பேசியது தலைவர்களோடும் படைமுதல்வர்களோடும்தான். அரிசிக் கதிரைக் கட்டியவர்களை அது பேச்சுவார்த்தைக்கு உரியவர்களாகக் கருதவில்லை. பின்னர் மரவாடிகள் வந்தன. வெள்ளைப் பைன் மரங்கள் போயின. 1909இல் இந்தப் பகுதி சுப்பீரியர் தேசிய வனமானது.

அதே 1909இல் ஆலிஸ் ராம்சே என்ற 22 வயதுப் பெண் நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவரை 59 நாளில் கார் ஓட்டிச் சென்றார். அமெரிக்காவின் குறுக்கே கார் ஓட்டிய முதல் பெண் அவர். கூடச் சென்ற மூவரும் பெண்கள். மூவருக்கும் கார் ஓட்டத் தெரியாது. என் அம்மாவின் கணக்குப்படி நான்கு பேர் துணையில்லாமல் போயிருக்கிறார்கள்.

ஆனால் கார்க் கூடாரப் பயணத்தின் வரலாறு என்று தேடினால் முதலில் கிடைப்பது வேறு நால்வர்: ஹென்றி ஃபோர்டு, தாமஸ் எடிசன், ஹார்வி ஃபயர்ஸ்டோன், இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸ். 1915 முதல் 1924 வரை இந்தக் குழு பலமுறை காடுகளுக்குப் போய்க் கூடாரமடித்தது. பரோஸ் 1921இல் இறந்த பின்னும் மற்றவர்கள் தொடர்ந்தார்கள். 1919இல் அடிரோண்டாக் மலைக்காடுகள், 1923இல் மிச்சிகனின் வடபகுதி. தங்களுக்கு நாடோடிகள் என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள். பின்னால் சமையலறை பொருத்திய வண்டியும் சமையற்காரரும் வருவார்கள். படம் பிடிக்க ஆள் வருவார். விறகு பிளக்கும் ஃபோர்டை நாடே திரையில் பார்த்தது. பானை கழுவியவரை யாரும் படம் பிடிக்கவில்லை.

1920களின் நடுவில் ஃபோர்டின் மாடல் டி கார் 300 டாலருக்குக் கீழே வந்தபோது சாதாரணக் குடும்பங்களும் காட்டுக்குப் புறப்பட்டன. அவர்களுக்குச் சமையல் வண்டி கிடையாது. அம்மா இருந்தாள். 1923இல் கோல்மேன் நிறுவனத்தின் மடக்கு அடுப்பு வந்தது; சமையலறை காரின் பின்னால் ஏறிக்கொண்டது. குடும்பத்துக்கு விடுமுறை, அவளுக்கு இடமாற்றம். ஆனாலும் வண்டி ஓட்டக் கற்ற பெண்களுக்கு அந்தச் சாலை வேறொன்றையும் தந்தது. யாரையும் கேட்காமல் வண்டியை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்கிற உரிமை சின்ன உரிமையல்ல.

அது எல்லாருக்கும் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எந்த ஊரில் தங்கலாம், எங்கே பெட்ரோல் போடலாம் என்று கறுப்பின மக்கள் தெரிந்துகொள்வதற்காக விக்டர் கிரீன் 1936இல் ஒரு கையேடு தொடங்கினார். அது முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டது. மிச்சிகன் காட்டுக்குள் ஐடில்வைல்டு என்ற ஏரிக்கரைக் கோடை வாசத்தலம் 1912இல் கறுப்பின மக்களுக்கென்று உருவானதும் அதனால்தான். இந்த வடகாட்டின் சாலையோரங்களிலோ, அனிஷினாபே பெண்கள் தங்கள் நிலத்தில் பறித்த புளூபெர்ரியையும் பிர்ச் பட்டைக் கூடைகளையும் கார்க்காரர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள்.

ஜஸ்டினுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள்

கன்ஃபிளின்ட் டிரெயிலின் வரலாற்றில் ஒரு பெண்பெயர் அழியாமல் நிற்கிறது: ஜஸ்டின் கெர்ஃபுட். இல்லினாயைச் சேர்ந்த படித்த குடும்பம். கன்ஃபிளின்ட் ஏரிக்கரையில் டோரா பிளாங்கன்பர்க் என்ற பெண் 1925இல் தொடங்கிய விடுதியை ஜஸ்டினின் தாய் 1920களின் இறுதியில் வாங்கினார். ஜஸ்டின் மருத்துவம் படிக்க எண்ணியிருந்தவர். 1929இன் பங்குச்சந்தை வீழ்ச்சி குடும்பச் சொத்தைக் கரைத்தது. மிஞ்சியது காட்டுக்குள்ளிருந்த அந்த விடுதி. தாயும் மகளும் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஜஸ்டின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அதை நடத்தினார். படகு செலுத்தினார், நாய்வண்டி ஓட்டினார், பொறி வைத்தார், இயந்திரங்களைப் பிரித்துச் சரிசெய்தார், விருந்தினருக்கு வழிகாட்டினார். 1986இல் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார்.

அவரை எல்லைக்காட்டின் முன்னோடிப் பெண் என்று சொல்வார்கள். சொல்லட்டும். ஆனால் காட்டில் பிழைக்கும் வழிகளை அவர் கற்றது ஏரியின் மறுகரையில், கனடாப் பக்கத்தில் வாழ்ந்த ஒஜிப்வே அண்டை வீட்டாரிடமிருந்து. இதை அவரே எழுதியிருக்கிறார். முன்னோடி என்று நாம் ஒருத்தியைக் கொண்டாடும்போது அவளுக்கு முன்னால் ஓடியவர்கள் யார் என்று கேட்பது அவளைக் குறைப்பதாகாது. பெண் வரலாறு எழுதும் நாமும் ஒரு தனித்த நாயகியைத் தேடிப் பிடித்துக்கொண்டு, அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பெண்களை அடிக்குறிப்பில்கூடச் சேர்க்காமல் போய்விடுகிறோம்.

“மிகத் தனிமையான பெண்”

மூன்றாம் நாள் நீண்ட தூரம் சுற்றி ஈலி என்ற ஊருக்குப் போனோம். அங்கே பைன் மரங்களுக்கு நடுவில் சில மரக்குடில்கள் அருங்காட்சியகமாக நிற்கின்றன. டொரத்தி மோல்டரின் வீடு.

1907இல் பிறந்தவர் டொரத்தி. சிகாகோவில் செவிலியர் பயிற்சி பெற்றார். 1930இல் குடும்பத்தோடு மீன்பிடிக்க எல்லைப்பகுதியின் நைஃப் ஏரிக்கு வந்தார். 1930களின் நடுவில், ஏரித்தீவில் இருந்த சிறிய விடுதியில் வேலைக்கு வந்து நிரந்தரமாகத் தங்கினார். நோயுற்றிருந்த அதன் உரிமையாளரைப் பார்த்துக்கொண்டார். அவர் 1948இல் இறந்தபோது விடுதி டொரத்திக்கு வந்தது. அருகிலிருக்கும் சாலைக்கு ஏறத்தாழ 15 மைல். படகில் போக வேண்டும். இடையிடையே படகையும் சுமையையும் தோளில் ஏற்றிக்கொண்டு கரையில் நடக்க வேண்டும்.

1952இல் சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் இதழ் அவரைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. அமெரிக்காவின் மிகத் தனிமையான பெண் என்பது தலைப்பு. அந்தப் பெண்ணைப் பார்க்க ஆண்டுக்கு ஆயிரக்கணக்கானவர்கள் படகில் வந்தார்கள். பிற்காலத்தில் ஒரு பருவத்துக்கு ஏழாயிரம் பேர்வரை. வந்தவர்களுக்குக் கொடுக்க ஏரிநீரில் ரூட் பியர் என்ற போதையில்லாத பானம் தயாரித்தார். ஆண்டுக்குப் பத்தாயிரம் பாட்டிலுக்கும் மேல். குளிர்காலத்தில் ஏரியின் பனிக்கட்டியை வெட்டிச் சேமித்துக் கோடையில் அதைக் குளிரவைத்தார். காயம் பட்டவர்களுக்கும் நோயுற்றவர்களுக்கும் மருந்து போட்டார். இப்படி ஒருவர் ஊரில் இருந்திருந்தால் அவருக்கு நேரமே இல்லை என்றுதான் சொல்லியிருப்போம். பத்திரிகையின் கண்ணுக்கு அவருடைய பக்கத்தில் ஓர் ஆண் இல்லாதது மட்டும் தெரிந்தது. அந்தத் தலைப்பு என் அம்மாவின் கேள்விதான். அம்மா பயத்தில் கேட்டார், அவர்கள் விற்பனைக்காகக் கேட்டார்கள்.

1964இல் அமெரிக்கா வனாந்தரச் சட்டம் இயற்றியது. காடுகளைக் காப்பாற்றிய நல்ல சட்டம் அது. இன்று அந்த ஏரிகளின் நீரை அப்படியே மொண்டு குடிக்கும் துணிவு பலருக்கு இருப்பதற்கு அதுவும் காரணம். ஆனால் வனாந்தரம் என்பதற்கு அது தந்த வரையறையைப் பாருங்கள்: மனிதன் வந்துபோகும் இடம், தங்கும் இடமல்ல. மனிதன் என்பதற்கு ஆங்கிலத்தில் அது பயன்படுத்திய சொல்லும் ஆணைக் குறிக்கும் சொல்லே. ஆண்டுக்கு நான்கு முறை வீட்டை விரித்துச் சுருட்டிய பெண்களின் நெடுங்கால இருப்பு இந்த வரையறையில் இல்லை. இந்த வரையறைப்படி டொரத்தியும் இருக்கக்கூடாது.

குடில்களைக் காலி செய்யச் சொன்னது அரசு. அவருடைய ரூட் பியரைக் குடித்தவர்கள், அவரால் காயம் ஆறியவர்கள் எழுந்தார்கள். கடிதங்களும் மனுக்களும் குவிந்தன. கடைசியில் வாழ்நாள் முழுவதும் தங்கிக்கொள்ள அனுமதி கிடைத்தது. 1986 டிசம்பரில், பனிக்காலத்தில், தன் தீவிலேயே இறந்தார். பிறகு தொண்டர்கள் அந்தக் குடில்களைக் கட்டை கட்டையாகப் பிரித்து, உறைந்த ஏரிகளின் மேல் நாய்வண்டிகளிலும் பனிவண்டிகளிலும் ஏற்றிக்கொண்டுவந்து ஈலியில் மறுபடி கட்டினார்கள். துணையில்லாத பெண்ணின் வீட்டைச் சுமக்க எத்தனை பேர் வந்தார்கள்!

அச்சத்தின் முகவரி

அம்மாவின் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் பயத்தின் முகவரி சரிதானா என்று பார்க்க வேண்டும்.

நாங்கள் புறப்பட்ட டுலூத் நகரத்துக்குப் பெண்ணிய வரலாற்றில் ஓர் இடம் உண்டு. வீட்டுக்குள் மனைவியை அடிப்பதைக் காவல்துறையும் நீதிமன்றமும் பெண்கள் அமைப்புகளும் சேர்ந்து குற்றமாக நடத்தும் திட்டம் ஒன்று 1981இல் அங்கே தொடங்கியது. டுலூத் மாதிரி என்று உலகெங்கும் அறியப்படுவது அதுதான். அடிபட்ட பெண்கள் சொன்னவற்றைத் தொகுத்து அங்கே வரைந்த அதிகார–கட்டுப்பாட்டுச் சக்கரம் நம் ஊர்ப் பயிலரங்குகளிலும் காட்டப்படுகிறது. பணத்தைத் தராமல் வைப்பது, உறவுகளிலிருந்து பிரிப்பது, மிரட்டுவது எல்லாம் அந்தச் சக்கரத்தின் ஆரங்கள். அந்தச் சக்கரம் சுழல்வது வீட்டுக்குள்.

இதே வடகாடு கிழக்கே மெய்ன் மாநிலம்வரை நீள்கிறது. அங்கே கடாடின் மலையுச்சியை 1955 செப்டம்பர் 25 அன்று எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பெண் தொட்டார். ஜார்ஜியாவிலிருந்து அப்பலாச்சியன் மலைப்பாதை முழுவதையும், 3,200 கிலோமீட்டருக்கும் மேல், 146 நாளில் தனியாக நடந்து முடித்திருந்தார். கூடாரம்கூட இல்லை, தானே தைத்த ஒரு துணிப்பை. பதினொரு பிள்ளைகளின் தாய். கணவனிடம் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் அடிபட்டு, 1941இல் மணவிலக்குப் பெற்றவர். முந்தைய ஆண்டு மெய்னிலிருந்து நடக்கத் தொடங்கி வழிதவறியபோது, வனக்காவலர்கள் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். வீடு எப்படிப்பட்ட இடம் என்று எம்மாவுக்கு அவர்களைவிட நன்றாகத் தெரியும்.

காடு பெண்ணுக்குப் பாதுகாப்பானது என்று நான் எழுத வரவில்லை. மினசோட்டாவில் பூர்வகுடிப் பெண்கள் காணாமல் போவதும் கொல்லப்படுவதும் அவ்வளவு நடந்ததால்தான், அதற்கென்றே ஒரு தனி அலுவலகத்தை மாநில அரசு 2021இல் அமைக்க வேண்டிவந்தது. அமெரிக்க மாநிலங்களில் அப்படி அமைந்த முதல் அலுவலகம் அது. ஆபத்து இருக்கிறது. அதைக் கொண்டுவருவது மரமோ கரடியோ இல்லை. துணை என்று நமக்குச் சொல்லப்படுபவர்களும் பலமுறை அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.

கடைசி நாள் ஏரிக்கரையில் நின்றபோது ஜோசஃபின் மண்டமினை நினைத்துக்கொண்டேன். அனிஷினாபே பாட்டி. 2003இல் ஒரு செம்புப் பாத்திரத்தில் தண்ணீர் ஏந்தி, அந்தச் சுப்பீரியர் ஏரியை முழுக்கச் சுற்றி நடந்தார். தண்ணீருக்காகப் பேச வேண்டியது பெண்களின் கடமை என்றார். அடுத்தடுத்த ஆண்டுகளில் மற்றப் பேரேரிகளையும் நடந்தே சுற்றினார். 2019இல் மறையும்போது அவருக்குப் பின்னால் நடக்க நிறையப் பேர் இருந்தார்கள். கதிரைக் கட்டியவர்களின் கை இன்னும் தண்ணீரை விடவில்லை.

கிராண்ட் மரேயில் சிக்னல் கிடைத்ததும் அம்மாவை அழைத்தேன். நாங்கள் உயிரோடு இருப்பது உறுதியானதும் அவருடைய குரல் இளகியது. குளிர்ந்ததா, என்ன சாப்பிட்டோம், ஈர விறகை எப்படிப் பற்றவைத்தோம் என்று கேட்டார். காகிதம் வைத்துப் பற்றவைத்தோம் என்றேன். “காகிதம் நிக்காது. பட்டைய உரிச்சு அடியில வை. மேல சுள்ளி. அப்புறம்தான் கட்டை” என்றார் ஒரு நொடிகூட யோசிக்காமல்.

“ஒனக்கு எப்படிம்மா தெரியும்?”

“கல்யாணத்துக்கு முன்னாடி நானும் பக்கத்து வீட்டு அக்காமாரும் விடியுமுன்னே மலைக்குப் போவோம்ல. வர்றதுக்கு உச்சிப்பொழுது ஆயிரும். கஞ்சி கொண்டுபோய் அங்கயே குடிப்போம்.”

“துணைக்கு யாரு வந்தா?”

“என்னடி கேள்வி, அதான் நாங்க ஏழெட்டுப் பேரு இருந்தோமே.”

“அப்ப நீயும் காட்டுக்குப் போனவதான?”

“நாங்க எங்கடி காட்டுக்குப் போனோம்?” என்றார் அம்மா. “வெறகுக்குல்ல போனோம்.”